சுவருக்கு அந்தப் பக்கம்

விரல் முட்டியால் கம்ப்ரசரின் காற்று டாங்கியைத் தட்டிவிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவரைப் போலத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். இன்னொரு தட்டு. பிறகு வலது காதை இரும்போடு ஒட்டி வைக்கிறார். இடது காது மந்தம். இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசர்களோடு குடித்தனம் நடத்தியதில் போனது. "ஆளு உள்ள திடமாத்தான் இருக்காரு," என்கிறார். டாங்கியைத்தான் சொல்கிறார்.

கம்ப்ரசர் பொருத்தித் தருகிற அவர், பட்டறைக்காரர்களுக்குக் 'காத்தக்கா'. கொண்டையில் செருகிய பென்சில், கழுத்தில் தொங்கும் காதுமூடி, பக்கத்தில் நிற்பவரிடமும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி பேசும் குரல். பலூன் என்றால் மட்டும் பயம். மகளின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதியபோது அடுத்த அறைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். "பின்ன? அதுல வால்வே இல்லையே! எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

என் தம்பியின் மரப்பட்டறைக்கு அவர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அலமாரிகள் செய்து தரவேண்டிய அவசரத்தில், தம்பி பழைய கம்ப்ரசர் ஒன்றை வாங்கி உள்சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தான். அவனுடைய ஆணித் துப்பாக்கிகள் கம்ப்ரசர் அடைத்துத் தரும் காற்றில் ஓடுபவை. வயரை மாட்டி ஓடவிட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்திருந்தான்.

அக்கா வயரைத் தொடவில்லை. டாங்கியின் உச்சியில் ஓரிடத்தைத் தடவியவர் அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு நேரம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவரின் வாய் மூடியதுதான் எங்களுக்குக் கலக்கமாக இருந்தது. உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்பேனரால் எதையோ கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சாதாரண போல்ட்.

"இது இருக்கிற எடத்துல சேஃப்டி வால்வு இருக்கணும் தம்பி. காத்து அளவுக்கு மேல போனா அது கத்தி, வெளிய விட்டுரும். கத்துறது பிடிக்காம யாரோ வாயை அடைச்சிருக்காங்க."

"நான் இல்லக்கா. வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"யாருன்னு நான் கேக்கல. காத்தை அடைச்சு வைக்கிறோம், அது வெளிய போகத்தான் பாக்கும். வழி விடலைன்னா இரும்பைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்."

புது வால்வைப் பொருத்தினார். டாங்கி நிறையத் தண்ணீர் பிடித்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு எழுந்தவர், சுவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"அப்பாதான். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாப் படுக்கை. அவருக்குக் காது சரியாக் கேக்காதுக்கா, தொந்தரவே இல்ல."

"காது கேக்காதவங்களுக்கு அதிர்வு நல்லாவே கேக்கும். மெஷினைப் பின்னாடி கொட்டகைக்கு மாத்திருவோம். நாளைக்குச் சாயங்காலம் ஓடும்."

தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னைக்கே ஓடியாகணும். இல்லைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

"தாராளமாக் கூப்பிடுங்க. இந்த போல்ட் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்," என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அதுக்கு முன்னாடி ஒரே நிமிஷம் ஓடவிடறேன். நீங்க போய் அப்பாகிட்ட உக்காருங்க."

நாங்கள் இருவரும் உள்ளே போனோம். அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமியது. அலமாரித் தட்டில் இருந்த தம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்தது. அப்பாவின் முகத்தில் மாற்றமில்லை. அது மாறி இரண்டு வருடமாகிறது. ஆனால் சொன்னபடி கேட்கிற அந்த ஒரே கை, வலது கை, கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விரல் நுனிகள் வெளுத்துப்போயின. அப்பாவால் வேறெப்படியும் சொல்ல முடியாது. தம்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சத்தம் நின்றதும், "கட்டிலை வேணா அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுரலாமா?" என்றான், பாதிக் குரலில்.

உள்ளே வந்த அக்கா கட்டில் தலைமாட்டருகே குனிந்து, அப்பாவின் கண் போகிற திசையில் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். "இங்கிருந்துதான் தெரு தெரியுது. எதுக்கு நகத்தணும்?"

தம்பி வெளியே போய்க் கம்ப்ரசரின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்தப் பக்கம் பிடிங்கக்கா," என்றான்.

மறுநாள் முழுக்கக் கொட்டகையில்தான் வேலை. மழை படாமல் கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், மெஷினின் கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டை, சுழலும் பெல்ட்டுக்குக் கம்பி வலை, தனி ஸ்விட்ச், எர்த். பட்டறைக்குப் போகும் காற்றுக் குழாயைக் கொஞ்சம் சரிவாக இழுத்துக் கடைசியில் ஒரு வடிகால் திருகு வைத்தார். "காத்துக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கும். தினம் வேலை முடிஞ்சதும் இதைத் திறந்து விடுங்க. மறந்தீங்கன்னா உள்ளேயே துருப்பிடிச்சு, ஒருநாள் உங்களை நான் திட்ட வேண்டியிருக்கும்."

சாயங்காலம் கம்ப்ரசர் ஓடியது. வால்வைச் சோதிக்க வளையத்தை இழுத்துவிட்டதும் அது வீறிட்டுக் கத்தியதில் தம்பி இரண்டடி பின்னால் குதித்தான். "பேசுது பாருங்க!" என்று சிரித்தார் அக்கா. பட்டறையில் ஆணித் துப்பாக்கி படபடக்க ஆரம்பித்தது. அலமாரிகளுக்கு இன்னும் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கிவிட்டதாகத் தம்பி அதற்குள் என்னிடம் சொல்லியிருந்தான்.

கிளம்பும் முன் அக்கா அப்பாவின் அறைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா தூங்கிப்போயிருந்தார். வலது கை மார்பின்மேல் விரிந்து கிடந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்தவர், நிலைப்படியருகே கழற்றி வைத்திருந்த கனத்த பூட்ஸைக் காலில் மாட்டாமல் ஒரு கையில் எடுத்துக்கொண்டார். ஸ்பேனர்கள் இடித்துச் சத்தம் போடாதபடி பையை மார்போடு அணைத்து, வெறுங்காலோடு, விரல் நுனியில் நடந்து தெருவரைக்கும் போனார்.