கூட்டத்துக்கு வராத செயலாளர்

ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் எங்கள் குடியேற்றத்தில் ஒரு முன்பள்ளி இருக்கிறது. அதற்காக என் தங்கை ராஜினி வென்றெடுத்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு சின்னக் கதிரைகள்: உதவி நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டு அவற்றை ஏற்ற லொறியோடு வந்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை இருத்திவிட்டு, "இப்ப தூக்குங்கோ பாப்பம்" என்று நின்றாள். கோயிலுக்கென வீடுவீடாகச் சேரும் பிடியரிசியில் பாதி. பிரதேச சபைக்கு ஏழாவது தடவை போய்க் கேட்டபோது கிடைத்த தண்ணீர்த் தாங்கி. இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பிய பத்தொன்பது பிள்ளைகளுக்கு, பிறப்புப் பத்திரம் வரும்வரை காத்திராமல், வரவு இடாப்பில் பெயர்.

இத்தனைக்கும் அவள் ஆசிரியை அல்ல. ஆசிரியை கஜேந்தினி. ராஜினி கஞ்சி காய்ச்சுபவள். அவளுக்கு எழுதத் தெரியாது. பள்ளியில் சேர்க்க வேண்டிய வருடம் இடம்பெயர்ந்தோம்; அடுத்த வருடமும். பிறகு அம்மா கூலிக்குப் போக, கைப்பிள்ளையாயிருந்த தம்பியை அவள் தூக்கினாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன்.

சென்ற ஆனி மாதம் முன்பள்ளிச் சங்கக் கூட்டம் நடந்தது. எங்கள் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதவியை ஏற்க ஆள் இல்லாவிட்டால், கூட்டத்தில் இல்லாதவரைத் தெரிவுசெய்துவிடுவோம். மறுக்க அவர் அங்கே இருக்கமாட்டார். அன்று செயலாளர் பதவி என்றதும் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்களாம். ராஜினி பின்பக்கம் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை தட்டினார்கள். நான் வயலிலிருந்து போய்ச் சேர்ந்தபோது தேநீரும் குடித்து முடித்திருந்தார்கள்.

அவள் வாயைக் கேட்ட எவருக்கும் அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று தோன்றாது. இரண்டு நாள் கழித்துத் தலைவர் அப்புத்துரை அண்ணர் கூட்டக் குறிப்பை எழுதச் சொல்லிக் கொப்பியை நீட்டியபோதுதான் தெரிந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"பானைக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிண்டனான். ஆர் என்னட்டைக் கேட்டது?"

அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டிலுள்ள எங்கள் பகுதியார் சங்கம் ஒன்று, ஒரு வருடத்துக்கு ஆசிரியையின் கொடுப்பனவையும் கஞ்சிச் செலவையும் ஏற்பதாக எழுதியது. கஜேந்தினி ஐந்து மாதமாகக் கொடுப்பனவில்லாமல் சும்மா வந்துகொண்டிருந்தார். இதுவும் கிடைக்காவிட்டால் ஆடியோடு நின்றுவிடுவார், பள்ளியும் நின்றுவிடும். விண்ணப்பத்தில் ராஜினி கைநாட்டு வைத்தாள். ஆடி, அதாவது யூலை, ஏழாம் திகதி அது திரும்பி வந்தது. நிர்வாகிகள் கையொப்பமிட வேண்டும், பத்து நாளுக்குள்.

செயலாளரை மாற்றுவோம் என்றால், புதுக் கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சட்டத்தை எழுதியவரும் அப்புத்துரை அண்ணர்தான். கேட்டால், "எழுதினது எழுதினதுதானே, தம்பி" என்கிறார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "தா, உன்ர பேரை நான் எழுதிவிடுறன். ஆர் வந்து பாக்கப் போகினம்?"

"பிடிபட்டா, இடாப்பில கிடக்கிற பிள்ளையளின்ர பேரும் பொய்யெண்டுவினம் அண்ணே. அதுகளிட்டைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை."

அன்று பின்னேரமே பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்தேன். அகப்பை பிடிப்பதுபோலப் பிடித்தாள். மூன்று கடதாசி கிழிந்தது. நான் கத்தினேன்.

"நீ சொல்லித் தந்தா, தெரிஞ்சதும் மறந்துபோகுது," என்று எழும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கஞ்சியை இறக்கிவிட்டுப் பிள்ளைகளோடு, விரலால் எழுதிப் பழகும் மணல் தட்டுக்கு முன் குந்தினாள். நான் வேலி ஓரத்தில் சைக்கிளோடு நின்றேன். முகாமில் பிறந்த யதுர்ஷிகா எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கஞ்சி அத்தை சுழிக்கவே இல்ல," என்று கோள் சொன்னாள்.

"சுழிக்கிறன் தாயே. நீ முதல்ல மூக்கைத் துடை."

ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ஒன்பதாம் நாள் விண்ணப்பத்தைக் கதிரையில் வைத்து, முழங்காலில் நின்று எழுதினாள். இரண்டு நிமிடம் எடுத்தது. அப்புத்துரை அண்ணர் அவசரப்படுத்த வாயெடுத்தார். கஜேந்தினி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். 'இரா. ராஜினி'. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, மற்றபடி பிழையில்லை. எண்கள் அவளுக்கு இன்னும் பிடிபடாததால், பக்கத்தில் திகதியை நான் எழுதினேன்: 2025 ஆடி 16, புதன்கிழமை.