ஒளித்து வைத்த ரேசர்

அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு டியூப்லைட். அதுதான் பார்லர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை விரல்களில் முறுக்கிப் புருவ முடியும் மேலுதட்டு முடியும் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயில் நூல் இருக்கும்வரை அவளால் பேச முடியாது. அதனாலேயே வருகிற பெண்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போனார்கள்.

பதினாறு வருஷத்தில் அவள் விரல் நுனிகளுக்கே கண் முளைத்திருந்தது. ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். தாடையில் தடித்த முடி, கன்னமெல்லாம் பரு, கழுத்து மடிப்பில் கறுப்பு. நூலக்கா வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மாசாமாசம் சரியா வருதா?"

"ஆறு மாசமா வரலக்கா."

"அப்ப எங்கிட்ட வராத. இந்த நூலு வெளியில இருக்கறதத்தான் எடுக்கும். உள்ள இருக்கறத டாக்டர்தான் பாக்கணும்."

இன்னொருத்திக்குப் புருவத்தின் வெளிக்கோடி உதிர்ந்து கிடந்தது, ஃபேன் போட்டாலே குளிருகிறது என்றாள். தைராய்டு பார்க்கச் சொல்லி அவளையும் அனுப்பினாள். வருகிற வாடிக்கையைத் துரத்துகிற பைத்தியத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள்.

இவ்வளவும் தெரிந்தவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு வருஷமாக ஆளே மாறிப்போயிருந்தான். வந்ததும் படுத்துவிடுவான். தலைவலி என்பான். எதைச் சொன்னாலும் எரிந்து விழுவான். படுக்கையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. முதலில் அலுப்பு என்று நினைத்தாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நினைப்பு வேறு பக்கம் போனது. வேனின் பக்கக் கண்ணாடி இரண்டு தடவை சுவரில் உரசி உடைந்தபோது, எவள் நினைப்பில் ஓட்டுகிறானோ என்று பொருமினாள்.

எல்லாவற்றையும் விட அவளைக் குடைந்தது அவன் முகம். கல்யாணமான புதிதில், காலையில் மழித்தால் சாயங்காலமே முள்ளாகக் குத்துகிற தாடை அது. இப்போது எந்த நேரம் பார்த்தாலும் மழமழவென்று இருந்தது. வீட்டுக்காரிக்காக ஒரு மனுஷன் இப்படி மினுக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அவனுடைய ரேசரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்லரில் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஒன்று, ரேசர் எங்கே என்று கேட்பான். இல்லையென்றால் தாடி வளரும். மூன்று நாள் போனது, ஒரு வாரம் போனது. அவன் கேட்கவும் இல்லை, தாடி வளரவும் இல்லை. அப்படியானால் வேறொரு வீட்டில் அவனுக்கென்று ஒரு ரேசர் இருக்கிறது. அவள் தொழிலில், முடியில்லாத முகம் என்றால் யாரோ எடுத்துவிட்ட முகம். வேறு எதுவும் அவள் புத்திக்கு எட்டவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். செத்துவிடலாம் போல இருந்தது.

அவன் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டபோது, "கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவன் தோளைத் தடவிக்கொண்டு போனான்.

ரேசரை ஒளித்து வைத்த இருபத்தாறாவது நாள் அந்தக் கல்லூரிப் பெண் திரும்பி வந்தாள்.

"மாத்திரை சாப்பிடறேன்கா. போன மாசம் சரியா வந்துச்சு. ஆஸ்பத்திரியில இந்தத் தாளக் குடுத்தாங்க. கண்ணாடி பக்கத்துல ஒட்டி வைங்க, நாலு பேருக்கு உதவும்."

ஹார்மோன் கோளாறுகளைப் பற்றிய தாள் அது. ஒரு பாதியில் பெண்களுக்கான அறிகுறிகள், மறு பாதியில் ஆண்களுக்கானவை. பெண்கள் வருகிற இடத்தில் ஆண்கள் சமாசாரம் எதற்கு என்று நூலக்கா கத்தரியை எடுத்து நடுவில் வெட்ட ஆரம்பித்தாள். வெட்டிக்கொண்டே கண்ணை ஓட்டினாள். தாடி மீசை வளர்ச்சி குறைதல். தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. களைப்பு, எரிச்சல். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால் தாமதிக்க வேண்டாம்.

கத்தரி பாதித் தாளில் நின்றது.

கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஓடினாள். மத்தியான இடைவேளையில் அவன் வீட்டில் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்தாள். அந்த முகத்தைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. மழித்த தோலுக்கும் முளைக்காத தோலுக்கும் உள்ள வித்தியாசம் அவள் விரலுக்குத் தெரியாதா? தொட்ட உடனே தெரிந்தது.

"ஷேவ் பண்ணி எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும். ரேசரக் காணோம். வளரவும் இல்ல, அதான் தேடல."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஆம்பளையாவே இல்லாமப் போயிட்டு இருக்கேன்னா?"

கழுத்தில் தொங்கவிட்டபடியே ஓடிவந்த நூலின் இரண்டு முனையையும் பிடித்து, அவன் தலைக்கு இரண்டு பக்கமும் கையை நீட்டினாள்.

"நேராப் பாத்துட்டே சொல்லுங்க, என்ன தெரியுது?"

"உன் மூஞ்சி."

"கையில?"

"கை எங்க?"

ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தனை நாள் அந்த வேனில் ஏறி இறங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் கண்முன் வந்தார்கள்.

ரத்தமும் ஸ்கேனும் பார்த்த பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி. பெண்களுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அது அளவுக்கு மீறிச் சுரந்து, அவனுடைய ஆண் ஹார்மோனை அமுக்கியிருக்கிறது. பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

"ஆனா கண் நரம்ப அழுத்திட்டு இருக்கு. போன பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. எத்தன நாளா அழுத்திச்சோ அதையும் பொறுத்தது. தாடி வளராதத எப்பக் கவனிச்சீங்க?"

"சரியா ஞாபகம் இல்லைங்க," என்றான் அவன்.

"நான் கவனிச்சேன்," என்றாள் அவள். "ஒரு மாசத்துக்கு மேல தினமும் உத்து உத்துப் பாத்தேன்."

"அப்பவே வந்திருக்கலாமேம்மா."

"வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன். ரேசர ஒளிச்சு வச்சது நான்தான்."

டாக்டரம்மா தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவன் அவள் பக்கம் திரும்பினான். கை தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கழுத்து, தோள் எல்லாம் திருப்பிய பிறகுதான் அவன் கண்ணுக்கு அவள் அகப்பட்டாள்.

"எங்க வச்ச?"

"பவுடர் டப்பாவுக்குப் பின்னால."

"எடுத்துட்டு வந்து வை," என்றான். "வளந்தாலும் வளரும்."