கூப்பிடாத பேர்

ஆவுடைத்தாய்க்குத் தான் பிறந்த ஊரின் பேரைச் சொல்ல முடியாது. பிறந்தது சிவகிரி. வாக்கப்பட்டது இலஞ்சியில், சிவசைலம் என்பவருக்கு. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பொட்டப்பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் முன்பே சொல்லி வைத்திருந்த காலம். முழுப் பேர்தான் என்றில்லை, அதில் பாதி வாயில் வந்தாலும் ஆகாது. ஆகவே தாலி ஏறிய அன்றைக்கே அவள் பிறந்த ஊர் அவள் வாயை விட்டுப் போயிற்று. எந்த ஊரம்மா என்று யாராவது கேட்டால், "வாசுதேவநல்லூருக்கு வடக்க" என்பாள்.

திருநீறு பூசும்போது எல்லாரும் சிவசிவா என்பார்கள். இவள் "ஈஸ்வரா" என்று நிறுத்திக்கொள்வாள். புருஷனுக்காகச் சாமியே ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. தென்காசிக் கடையில் சிவப்புச் சேலை கேட்க வேண்டுமானால், "மொளகாப்பழ நெறத்துல எடுங்க அண்ணாச்சி" என்பாள். கடைக்காரர் சிரிக்க மாட்டார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி உண்டு.

ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். 1918இல், கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு, பேரைச் சொன்னால்தான் வழி விடுவேன் என்று நின்றாள். அன்றைக்கு மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஆவுடைத்தாய் தலையைக் குனிந்து முந்தானைக்குள் சொன்னாள். பக்கத்தில் நின்ற சிவசைலத்துக்கு மட்டும் கேட்டது. அந்த மனுஷனுக்கு அது என்னமோ பிடித்துப்போயிற்று.

பிறகு வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்.

"ஏட்டி, இன்னொரு தடவ சொல்லேன். சேல எடுத்துத் தாரேன்."

"போங்க அங்கிட்டு. ஒங்க ஆயுச நான் குறைக்கவா?"

"ஒரு அஞ்சு நிமிசம் குறஞ்சா குறஞ்சிட்டுப் போகுது."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள். வேலை இருந்தால் "ஏங்க" என்று கூப்பிடுவாள். வயலில் இருந்தாலும் தொழுவத்தில் இருந்தாலும், "என்னட்டி, கூப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வருவார். பத்து வருஷம் இப்படியே நல்லபடியாகப் போயிற்று. உலகம்மை என்று ஒரு மகளும் பிறந்தாள்.

1928 ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆறு வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். தண்ணீர் நிறம் மாறினால் மலையிலிருந்து வெள்ளம் வருகிறது, உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அருவிக்குள் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நிற்கிறவனுக்கு நிறம் ஏது? கரையில் நிற்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆவுடைத்தாய் குளித்து முடித்துப் பெண்கள் பக்கம் நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் மேலே தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. இலையோடு ஒரு கொப்பு உருண்டு வந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

அருவிக்கு அடியில் ஐம்பது ஆண்கள் நின்றார்கள். அத்தனை பேரும் யாரோ ஒருத்திக்கு "ஏங்க" தான். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவசைலம் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், பண்பொழிக்காரன் ஒருவன் நின்றான். கரையிலிருந்து அவன் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏலே செல்லச்சாமி! வெளிய வால!"

அந்த இரைச்சலிலும் தன் பேர் அவன் காதில் விழுந்தது. விருட்டென்று திரும்பினான், இரண்டு எட்டில் கரைக்கு வந்துவிட்டான். சிவசைலம் கண்ணை மூடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆவுடைத்தாய்க்குப் பேர் நாக்குவரை வந்தது. ஆயுசு குறையுமே என்று அந்த நேரத்திலும் நினைத்தாள். அதை விழுங்கிவிட்டு மறுபடியும் "ஏங்க" என்றுதான் கத்தினாள். அதற்குள் வெள்ளம் வந்து அவரை அடித்துக்கொண்டு போயிற்று.

மூன்றாம் நாள் சிற்றாற்றில் உடல் கிடைத்தது. போலீஸ்காரர் வந்து இறந்தவர் பேர் என்ன என்று கேட்டபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன்தான் சொன்னான். அதைப் பார்த்த பெண்கள் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள்.

"உசுரு போற நேரத்துலயும் பேரச் சொல்லலியே. இவள்லா பொம்பள!"

அந்த வாய்களில் ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம். ஆவுடைத்தாய் போடவில்லை. ஊரார் திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள். புகழ்ந்து தொலைத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தபோது முதன்முதலாக அந்தக் குரல் கேட்டது.

"என்னட்டி, கூப்பிட்டியா?"

திரும்பிப் பார்த்தாள். வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் எங்கே கேட்டாலும் அந்தக் குரல் அதற்குள் இருந்தது. குடத்தில் ஊற்றினாலும், ஓட்டில் மழை விழுந்தாலும், சோறு வடித்தாலும் அதே கேள்விதான். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை. வயலிலிருந்து வருகிறவர் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் கேட்காவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. பதில் மட்டும் சொன்னதில்லை. குற்றாலம் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. உலகம்மைக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை வீட்டோடு வந்து வயலைப் பார்த்துக்கொண்டான். 1941 பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், உலகம்மை வாசலில் நின்று தோப்பில் வேலையாக இருந்த புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஏங்க! ஏங்க!"

அவன் காதில் விழவில்லை. ஆவுடைத்தாய் உள்ளேயிருந்து வாசலுக்கு ஓடி வந்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுட்டி!"

"என்னம்மா சொல்லுத? பேரயா?"

"ஆமா, பேரத்தான். கத்து!"

உலகம்மை அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னியாம்மா?" என்று கேட்டாள்.

ஆவுடைத்தாய் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியிறங்கினாள். உச்சி வெயிலில் நடந்தே குற்றாலம் போய்ச் சேர்ந்தாள்.

பங்குனியில் குற்றாலத்தில் யார் இருக்கிறார்கள்? பாறையில் நூலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரங்குகள் நிழலில் கிடந்தன. அன்றைக்குச் சேலை பிழிந்த அதே இடத்தில் போய் நின்றாள். அவர் நின்ற இடம் காய்ந்து கிடந்தது. பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஏங்க" என்றுதான் வந்தது.

"என்னட்டி, கூப்பிட்டியா?"

இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தெளிவாக அது கேட்டதே இல்லை.

"இல்ல, கூப்பிடல" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் அவள் சொன்ன முதல் பதில். "கூப்பிட்டிருக்கணும்."

பிறகு சொன்னாள். முதலில் முந்தானைக்குள் சொன்ன மாதிரி மெதுவாக வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை.

"சிவசைலம்! வெளிய வாங்க! தண்ணி வருது, சிவசைலம்!"

பாறை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. குரங்குகள் எழுந்து மரத்துக்கு ஓடின. தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் வாய்க்காலில் குடத்தை முக்கினாள். தண்ணீர் களகளவென்று உள்ளே போயிற்று. அவ்வளவுதான். கவிழ்த்துவிட்டு மறுபடியும் முக்கினாள். "ஏங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று ஊரார் சொன்னது பொய் இல்லை. பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தவரை அவளே அனுப்பிவிட்டாள்.

மோர் விற்கப் போகிற அசலூர்க்காரி ஒருத்தி படித்துறையில் இறங்கி முகம் கழுவினாள். இவள் குடத்தோடு நிற்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு இந்த ஊருதானாக்கா?"

"இல்ல" என்றாள் ஆவுடைத்தாய். "சிவகிரி."

வாய் தடுக்கவில்லை. இனி யாருடைய ஆயுசும் அதில் குறையப்போவதில்லை. குடத்தைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.