தேத்தண்ணி நிறத்து இளவரசி

பரீதா டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழரைக்கு வந்தது. அவருடைய மகள் ரிஸ்னா தொலைபேசியில், "டீச்சர், உம்மா மவுத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்று சொல்லிவிட்டு அழுதாள். கையில் அகப்பட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைக்கூடப் பாராமல், வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடைக்கு ஓட்டோ பிடித்தேன்.

யுத்த காலத்தில் நானும் பரீதா டீச்சரும் வெள்ளவத்தையில் படிப்பித்த பாலர் பாடசாலையை உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகள் அங்கே படித்தவர்கள். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பேச்சும் என்னைவிடக் குறைவு. எனக்கோ எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டும். லண்டனிலிருந்து யாரோ அனுப்பிய பொம்மைக்கும் சட்டம் போட்டவள் நான்தான். மஞ்சள் கூந்தல், நீலக் கண், வெள்ளைத் தோல். அதை அலுமாரியின் மேல் உட்காரவைத்து "இளவரசி" என்று பெயரிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிள்ளை அதைத் தூக்கி வைத்திருக்கலாம். ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

தர்சினி என்ற ஐந்து வயதுப் பிள்ளை தாயோடு வன்னியிலிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காக ஒரு லொட்ஜில் தங்கியிருந்தது. நல்ல கறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அதன் முறை வந்தபோது பிள்ளையைக் காணவில்லை. தேடிப் போனால், பின்பக்கத்துப் பைப்படியில் நின்று, சட்டி தேய்க்கும் தும்பால் கையை முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தது. தோல் உரிந்திருந்தது.

"டீச்சர், ஊத்தை போகுதில்லை," என்றது. "இளவரசின்ர கை மாதிரி வருகுதில்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அழாதையம்மா, கொஞ்சம் பவுடர் போட்டால் சரியாகிடும்." ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். பவுடர் டப்பாவையும் எடுத்து வந்தேன். பரீதா டீச்சர் அதை என் கையிலிருந்து வாங்கித் தூர வைத்தார். பிள்ளையின் கையில் தேங்காய் எண்ணெய் தடவியபடி, "இந்தப் புள்ளைட கையில ஊத்த ஒண்டும் இல்ல டீச்சர்," என்றார்.

அடுத்த கிழமை அவர் ஒரு பையோடு பிந்தி வந்தார். இரும்புச் சட்டியில் தேயிலைச் சாயம் காய்ச்சி, பழைய தலையணை உறைகளை அதில் ஊறப்போட்டு, மூன்று பொம்மைகள் தைத்திருந்தார். ஊறிய நேரத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கறுப்பு நூலில் கூந்தல், சரிகைத் துண்டில் கிரீடம். வழியில் சோதனைச் சாவடியில் ஒன்றின் வயிற்றைக் கீறிப் பஞ்சை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் அதுதான் கறுத்தது. பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து அதைத் தைத்துக்கொண்டே கதை சொன்னார்.

"ஒரு ஊர்ல ஒரு இளவரசி இருந்தா. தேத்தண்ணி நெறம்."

"பால் தேத்தண்ணியோ, பிளேன்டீயோ?" என்று கேட்டது ஒரு பிள்ளை.

"பிளேன்டீ. நல்ல சாயம்."

தர்சினி தன் கையை அந்தப் பொம்மையின் கையோடு வைத்துப் பார்த்தது. பிறகு வயிற்றுத் தையலைத் தொட்டு, "அவவுக்கு நோகுமோ?" என்று கேட்டது. "இனி நோகாது," என்றார். இரண்டு மாதத்தில் விசா கிடைத்துப் பிள்ளை புறப்பட்டபோது, மனம் உறுத்தி, நான் லண்டன் பொம்மையை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தையல் போட்டதைக் கேட்டு வாங்கிப் போனது.

அன்று பின்னேரம் பரீதா டீச்சர் இன்னொரு சாயத் துணியை என் கையோடு சேர்த்துப் பிடித்தார். "ஒங்கட நெறம் டீச்சர். பாத்துப் பாத்து ஊறப்போட்டது." எனக்குக் கோபம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளை கறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் இருந்தவள் நான். பன்னிரண்டு வயதிலிருந்து பவுடர் போடாமல் வாசல் தாண்டியதில்லை. "எனக்கு உது தேவையில்லை," என்று துணியை மேசை லாச்சிக்குள் தள்ளினேன். லண்டன் பொம்மையை அலுமாரியிலிருந்து இறக்கினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். இதைப் பற்றி இருவருமே கதைக்கவில்லை.

தெமட்டகொடை வீட்டில் வெள்ளைத் துணிக்கு நடுவே அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. ரிஸ்னா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு விலகி என்னையே பார்த்தாள்.

"டீச்சர், இண்டைக்கி பவுடர் போடல்லயா?" என்றாள். "உம்மா எந்த நாளும் சொல்லுவாங்க, இத்தன வருஷம் ஒண்டா இருந்தும் டீச்சர்ட முகத்த ஒருக்காவது பாக்கக் கெடைக்கல்ல எண்டு."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தோல். பரீதா டீச்சரின் கண்கள் மூடியிருந்தன.

பாடசாலையை மூடியபோது லாச்சியில் இருந்தவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அன்று வீடு திரும்பியதும் அதைத் திறந்தேன். துணி அடியில் கிடந்தது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நிறம் இன்னும் சரியாகவே இருக்கிறது.