வழியை மறிக்கும் பூவரசு

எங்கள் அளவெட்டி வீட்டு வளவில் வேலிப் பூவரசுகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் மாட்டுக்கொட்டில் வாசலில் வழியை மறித்துக்கொண்டு தனியே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தறித்துவிடச் சொல்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பெரியண்ணை தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை கோபப்பட்டு முறித்த கம்பு அது.

பெரியண்ணை எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். ஐயா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டுப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினார். தம்பிமாரைப் படிப்பித்தார், அக்காவைக் கட்டிக் கொடுத்தார், தான் கலியாணம் செய்யவில்லை. பலாப்பழம் வெட்டினால் சுளை முடிந்த பிறகுதான் தட்டு அவரிடம் போகும். வீமன் அவருடைய நாய். அவர் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கும் நேரமெல்லாம் கிணற்றடியில் படுத்திருந்து, அவரோடு வீடு திரும்பும். நான் சொல்லும் காலத்தில் அதற்கு வயது போய், பின்னங்கால்கள் இழுக்கத் தொடங்கியிருந்தன.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின காலம். எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த வருடம் அது. சிநேகிதி வீட்டிலிருந்து ஜிம்மி என்ற நாய்க்குட்டியைத் தூக்கி வந்தவள் நான்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் அதற்கு வீமன்தான் விளையாட்டுச் சாமான். காதைக் கடித்து இழுக்கும், முதுகில் ஏறும், கிழவன் கண்ணயர்ந்தால் வாலைப் பிடித்துத் தொங்கும். வீமன் எழும்பி வேறு இடம் போய்ப் படுத்தால் பின்னாலேயே போகும்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலை, வீமன் பொறுக்க முடியாமல் உறுமி, குட்டியின் மூக்கில் ஒரு கவ்வுக் கவ்வியது. ஜிம்மி குழறிக்கொண்டு என் காலடிக்கு ஓடி வந்தது. நானும் சேர்ந்து குழறினேன். பெரியண்ணை வேலியில் ஒரு பூவரசங்கம்பை முறித்து வந்து வீமனின் முதுகில் ஓர் அடி வைத்தார்.

"நீ மூத்தவனெல்லோ? சின்னனோடை உனக்கென்ன கோவம்? விட்டுக்குடுக்க வேணும்."

அம்மா அவருக்குச் சொல்லி வளர்த்த வார்த்தைகள் அவை. நாய் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது. அவர் கம்பைக் கொட்டில் வாசல் ஈரமண்ணில் குத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வீமன் உறுமவே இல்லை. காது புண்ணாகி இலையான் மொய்த்தது. தன் சோற்றுச் சட்டியையும் குட்டிக்கு விட்டுவிட்டு விலகி நின்றது. ஜிம்மியைக் கட்டிப்போட்டோம், அது வைத்த ஊளையில் அயல் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். பால் மறக்கடிக்கக் கன்றின் வாயில் மாட்டும் கூட்டைப் பெரியண்ணை அதற்கு மாட்டினார், உருவியெடுத்துக் குதறிவிட்டது. குழந்தைக்குப் பால் மறக்க வைப்பதுபோல் வீமனின் காதில் வேப்பெண்ணெய் பூசச் சொன்னா அம்மா. ஜிம்மி அதையும் நக்கி ருசி கண்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியண்ணை சிரிக்கவில்லை. குட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நானாகக் கொடுக்கவும் இல்லை.

மார்கழியில் ஒரு பின்னேரம் கொட்டிலுக்குள் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஜிம்மி வீமனின் புண் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியண்ணை முன்னால் குந்தியிருந்தார்.

"ஒருக்கா உறுமடா, ராசா. நான் அடிக்கமாட்டன். ஒரே ஒருக்கா."

வீமன் அவர் முகத்தைப் பார்த்து மெல்ல வாலை ஆட்டியது. நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

நாலாம் நாள் வீமன் செத்துப்போனது. அப்போதும் ஜிம்மி காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெரியண்ணை குட்டியைப் பதமாகத் தூக்கி என் கையில் தந்தார். "பாவம், அதுக்கு விளங்காது" என்றார்.

தையில் எனக்குக் கலியாணம். எங்கள் ஊர் வழக்கப்படி வீடும் வளவும் கடைசிப் பெண்ணான எனக்குச் சீதனமாக எழுதப்பட்டன. மறுநாளே பெரியண்ணை பாயையும் றங்குப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கொட்டிலோடு ஒட்டியிருந்த சாய்ப்புக்குள் போய்விட்டார்.

"இங்கை நல்ல காத்து, பிள்ளை."

நான் அழுதேன், மறித்தேன் என்று எழுத ஆசைதான். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னேன். வாசலில் குத்திய கம்பு அதற்குள் துளிர் விட்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கவில்லை.

கடைசி மட்டும் அங்கேதான் இருந்தார். என் பிள்ளைகள் அவர் முதுகில் ஏறி வளர்ந்தார்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கஞ்சி கொண்டுபோனபோது, "என்னிலை ஏதும் குறை இருந்தால் சொல்லுங்கோ அண்ணை, ஒருக்கா ஏசுங்கோ" என்று கெஞ்சினேன்.

"ஒரு குறையுமில்லை, பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினார்.

போன கிழமை என் மகன் அந்தப் பூவரசைத் தறிக்கக் கத்தியோடு வந்தான். "அதிலை கை வையாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நடுங்கிப்போனான். இந்த வளவில் அப்படிச் சத்தம் போட என்றைக்கும் எனக்கு மட்டும்தான் உரிமை இருந்தது.