துரை ஏன் மூட்டை மேல் ஏறினார்?

"இங்க வா! வந்து உன் துரை பண்ணி வச்சிருக்கிற சோலியப் பாரு!"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹாலில் இருந்து என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் இது. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பால் பொங்கி வழிந்தது. அன்றைய நஷ்டங்களில் அதுதான் சின்னது.

குரங்கணிக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் இருந்து முந்தின நாள்தான் ஏலக்காய் மூட்டைகள் இறங்கியிருந்தன. படுக்க வைத்திருந்த ஒரு மூட்டையின் மேல், காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று துரை உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே சாக்கில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. முகத்தில் குற்ற உணர்ச்சி? துளிகூடக் கிடையாது.

துரை யார் என்று இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு முயல். அந்த நிறத்துக்கும், சோபாவில் காலை நீட்டிப் படுக்கிற தோரணைக்கும் எஸ்டேட் துரை மாதிரி இருக்கிறார் என்று அந்தப் பெயர். பெயர் வைத்த பாவத்துக்கு இன்று வரை மரியாதையும் கொடுத்து வருகிறேன்.

(ஏலக்காய் டீ குடித்துக்கொண்டே இதைப் படிப்பவர்கள் டம்ளரைக் கீழே வைக்க வேண்டாம். சாக்குக்குள்ளே தடிமனான பாலித்தீன் உறை உண்டு. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த மூட்டையை என் வீட்டுக்காரர் ஏலத்துக்கு அனுப்பவில்லை. "தெரிஞ்சே எப்பிடி அனுப்புறது?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.)

"மூணாவது தடவ. போன தடவையே சொன்னேன்ல? இன்னிக்கு ஜீப்புல ஏத்தி தோட்டத்துல விட்டுட்டுத்தேன் மறு வேல."

தோட்டத்தில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. மரநாய் இருக்கிறது. கீரி இருக்கிறது. மின்விசிறி நின்றால் எழுந்து வந்து என் முகத்தை முறைக்கிற ஜென்மம் அங்கே எத்தனை நாள் தாங்கும்? பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் மகள் கயல். கோயம்புத்தூரில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு கூடையை ஹாலில் வைத்தாள். திரும்பிப் போகும்போது கூடை மட்டும் போகவில்லை. "என்னடி இது, யாருது, எதுக்கு?" என்று நான் வரிசையாகக் கேட்ட பிறகுதான், ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்ற விஷயமே வெளியே வந்தது. அவள் அப்படித்தான். கேட்டால்தான் வாயைத் திறப்பாள். காய்ச்சல் வந்து படுத்தது கூட அடுத்த மாதம்தான் எனக்குத் தெரியும். யாரைப் பார்த்து இப்படி வளர்ந்தாளோ என்று நான் புலம்பாத நாள் கிடையாது.

சரி, துரைக்கு வருகிறேன். வயசுக்கு வந்ததும் ஐயா வீடு முழுக்கத் தன் எல்லையை அளக்க ஆரம்பித்தார். சோபாவுக்கு அடியில், பீரோ மூலையில், பூஜை அறை வாசலில்... ஒரு இடம் பாக்கியில்லை. கயலிடம் கேட்டேன். கேட்டதால் சொன்னாள்: "ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிரும்மா."

மதுரைக்கு ரயிலேறினோம். எங்கள் வீட்டில் காய் பொறுக்க வருகிற பேச்சியக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "கெடாய்க்குக் காயடிக்கிறதப் பாத்திருக்கேன், காளைக்குப் பாத்திருக்கேன். முயலுக்கு டிக்கெட் எடுத்துப் போறத இப்பத்தேன் ஆத்தா பாக்குறேன்!"

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். உடம்பு அடங்க ஒரு மாதம் ஆகும். துரை விரும்பிப் போகிற மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். அதில் வைக்கோல் போடுங்கள். வைக்கோலைக் கடித்துக்கொண்டே போவதுதான் முயலின் பழக்கம். வேறு இடத்தில் போனால் வினிகர் தண்ணீர் விட்டு வாசம் போகத் துடையுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டேன். தலையை ஆட்டினேன். ஒன்றை மட்டும் மாற்றினேன்.

வைக்கோலா? ஹாலிலா? வீடு முழுக்கச் செத்தை பறக்கும். எங்களைப் போன்ற ஏலக்காய் வீட்டில் வேறு ஒன்று சும்மா கிடக்கிறது. காயைத் தேய்த்துச் சலித்த பிறகு மிஞ்சுகிற காம்பும் தூசியும். ஈரத்தை உறிஞ்சும், கமகமவென்று மணக்கும், கெட்ட நாற்றம் தெரியாது. தட்டு நிறைய அதைக் கொட்டினேன். என்ன அறிவு, என்ன அறிவு!

துரையும் ஏற்றுக்கொண்டார். பத்து நாளில் தட்டைத் தவிர வேறு இடம் தெரியாது என்கிற அளவுக்கு ஒழுங்கு வந்துவிட்டது. நான் சும்மா இருந்தேனா? இதே பக்கத்தில் அரைப் பக்கத்துக்குப் பெருமை அடித்துக்கொண்டேன். 'போடிக்காரிக்கு யோசனைக்குப் பஞ்சமா?' என்று வேறு எழுதினேன். நினைவிருக்கும். மறந்திருந்தால் மறந்தே இருங்கள்.

அப்புறம்தான் தோட்டத்தில் அறுவடை தொடங்கியது. காய் எடுத்து, உலர்த்தி, மூட்டை இறங்கியது. இறங்கிய மறுநாள் துரை மூட்டை மேல் போய்விட்டார். ஏதோ ஞாபக மறதி என்று நினைத்தேன். அடுத்த லோடு வந்தது. அதிலும் போனார். தட்டு அந்தப் பக்கம் சுத்தமாக, சும்மா கிடக்கிறது!

நான் செய்யாத வைத்தியம் இல்லை. நாற்காலிகளை அடுக்கி வேலி போட்டேன், இடுக்கில் நுழைந்தார். தார்ப்பாய் போட்டு மூடினேன், அடியில் புகுந்துகொண்டார். அறையில் பூட்டினேன், கதவைக் கடித்தார். வேப்பெண்ணெய் தடவச் சொன்னார் பேச்சியக்கா. என் வீட்டுக்காரர் குதித்தார்: "காயி எந்த வாசத்தையும் பிடிச்சுக்கிரும். வேப்பெண்ண வாசம் அடிக்கிற ஏலக்காய எவன் வாங்குவான்?" மூட்டைகளை மாடியில் வைக்கலாமே என்றேன். மழைக்கு ஒழுகுகிறதாம். டாக்டருக்குப் போன் செய்தேன். மூத்திரக் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை.

அப்படியானால் என்ன? கொழுப்பு! வேண்டுமென்றே செய்கிறார். என் வீட்டுக்காரரின் தீர்ப்பு அதுதான். உண்மையைச் சொன்னால், என்னுடையதும் அதுதான். "ஊர்ப்பட்ட கேரட்டைத் தின்னுட்டு என்னையே பழி வாங்குறியா?" என்று முயலிடம் நியாயம் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவர் ஜீப்பின் பின்பக்கத்தை ஒழித்து வைக்கப் போய்விட்டார். நான் பொங்கிய அடுப்பைத் துடைத்துவிட்டு, மிச்சப் பாலில் டீ போட்டேன். அழுகை வந்தது. அந்த முயலை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முழங்கை பட்டு ஏலக்காய் டப்பா கவிழ்ந்து, காய் தரையில் சிதறியது.

துரை உள்ளே வந்தார். வாசலில் சாக்கு மிதியடி கிடக்கிறது, அதைத் தாண்டினார். துடைத்துப் போட்ட பழந்துணி கிடக்கிறது, அதையும் தாண்டினார். சிதறிக் கிடந்த ஏலக்காயிடம் வந்து மோந்து பார்த்தார். சாவகாசமாகத் திரும்பினார். வாலைத் தூக்கினார்.

கச்சிதமாக, ஏலக்காய் மேலேயே.

நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அவருக்குச் சாக்கும் ஒரு பொருட்டில்லை, எல்லையும் ஒரு பொருட்டில்லை. எங்கே ஏலக்காய் மணக்கிறதோ அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை மாதமாகத் தட்டு நிறையக் கொட்டி அந்தப் பாடத்தை நடத்தியது யார்? நான்! ஏலக்காய் வீட்டில், ஏலக்காய்தான் கக்கூஸ் என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான்!

அடக் கடவுளே.

வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. இருந்தால் என் மானம் தப்பும். முயல் போய்விடும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. அப்புறம் டீயை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க!"

"அழுது கிழுதெல்லாம் ஆகாது. கூடையக் கொண்டா, வெரசா."

"தப்பு அது மேல இல்லைங்க. என் மேல."

சொன்னேன். தட்டு, தூசி, டப்பா, எல்லாம் சொன்னேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப... இம்புட்டு நாளும் அது நீ சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டுத்தேன் இருந்திருக்கு?"

"ஆமா."

அந்த நேரம் பார்த்தா பேச்சியக்கா வேலைக்கு வந்து சேர வேண்டும்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முயலு பாசாயிருச்சு! வாத்தியாரம்மாதேன் பெயிலு!"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அடுத்த எடுப்பு காயி எறங்குற வரைக்கும் பாப்பேன். அப்பவும் மூட்டையில போச்சு..."

"போச்சுன்னா?"

"ரெண்டு பேரையும் ஏத்தி விட்டுருவேன்."

தட்டை வினிகர் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன். சிலமலையில் இருந்து வைக்கோல் வந்தது. டாக்டர் சொன்னதை, சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் செய்தேன். துரை வைக்கோலைத் தின்றார். போவதற்கு மட்டும் ஏலக்காய் வாசம் தேடி வீடு வீடாக... மன்னிக்கவும், அறை அறையாக அலைந்தார். கிடைத்தது எது தெரியுமா? என் வீட்டுக்காரரின் சட்டை. தோட்டத்துக்குப் போய் வந்து, கழற்றித் தரையில் போடுகிற சட்டை. அது மணக்கிற மணத்துக்குத் தனியாகச் சலிக்கவே வேண்டாம்.

முதல் நாள் ஒரு சட்டை. இரண்டாம் நாள் ஒரு சட்டை. மூன்றாம் நாளில் இருந்து சட்டை ஆணியில் தொங்கியது. இருபத்து மூன்று வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்லி நடக்காத காரியம். ஊரில் மழை வராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் துரை தட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு நாள் தட்டு, ஒரு நாள் மிதியடி. இரண்டு நாள் தட்டு, ஒரு நாள் என் செருப்பு. பொறுமை என்று ஒரு சாமான் இருக்கிறதே, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த எடுப்பு மூட்டை இறங்கியது. ஹால் முழுக்க மணம். என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். பேச்சியக்கா லீவு நாள் என்றும் பார்க்காமல் வந்துவிட்டார். துரை வந்தார். முதல் மூட்டையை மோந்தார். தாடையை அதில் தேய்த்தார். ஏறினார்.

"போச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூடை எங்கே இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

தொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். துரை கீழே குதித்து, நிதானமாக நடந்து, தட்டுக்குள் ஏறி, ஒரு வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார். சாக்கு காய்ந்தே இருந்தது. பேச்சியக்கா குலவை போட்டார். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்," என்றார். ஒரே ஒரு சொல். எனக்கு அது போதும்.

தூசி யோசனையைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்த்த வாசகர்கள் யாராவது இருந்தால், உடனே கொட்டிவிடுங்கள். தப்பு என்னுடையது. உங்கள் முயலைத் திட்டாதீர்கள்.

அன்று சாயங்காலம் கயலுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் வழக்கம் போல அமைதி.

"சரி, நீ எப்பிடி இருக்க?"

"நல்லாருக்கேன்."

"அம்புட்டுத்தேனா? எதையாச்சும் நீயாச் சொல்ல மாட்டியா? எல்லாத்தையும் நாந்தேன் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

அப்புறம் சொன்னாள்: "அம்மா... 'கேட்டா மட்டும் பேசு, சும்மா வாயத் தெறக்காத'ன்னு சின்னப் புள்ளையில எனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

துரைக்கு வைக்கோல் போட்டு மாற்றிவிட்டேன்... இவளுக்கு என்ன போட்டு மாற்றுவது?