எண்பத்தைந்தாவது சீட்டு

லினக்ஸில் ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்க, எல்எஸ் என்று இரண்டே எழுத்து அடித்தால் போதும். நேற்றுக் கம்ப்யூட்டர் தொட்ட பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வருஷம் நான் அதை அடிக்கவில்லை. அடித்திருந்தால் என் கூட்டாளி இன்றைக்கு ஏரியில் வலை கட்டிக்கொண்டிருப்பான்.

எங்கள் குப்பத்தில் இறால் வலை கட்டும் இடத்தை அவனவன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி, ஏரியில் எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று முறை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. பெயரை எழுதி மடித்து அவனவன் கையாலேயே குடத்தில் போட வேண்டும். குடம் காலியான பிறகு எவன் வந்து அழுதாலும் அடுத்த வருஷம்தான்.

முந்தின வருஷம் யாரோ இரண்டு சீட்டுப் போட்டுவிட்டார் என்று அடிதடியாகிவிட்டது. நான் அப்போது சென்னையில், சின்னச் சின்னக் கருவிகளுக்குள் லினக்ஸ் ஏற்றும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம். மண்டையில் கனம் ஏறியிருந்த காலம். பஞ்சாயத்தாரிடம் நானாகவே போய், "சீட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறேன், ஒரு பய ஏமாத்த முடியாது" என்றேன். யாராவது என்னைக் கேட்டார்களா? இல்லை. எனக்குத்தான் கை அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், ஒவ்வொரு தலைக்கட்டும் நிரப்பிக் கொடுத்த தாளைச் செல்போனில் படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளின் பெயரையே வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். அந்தப் பெயர்களைப் படித்துச் சீட்டாக அச்சடிக்க ஒரு நிரல். இதற்கு எல்எஸ் தாராளம். ஆனால் அலுவலகத்தில் அந்த வாரம்தான் கெட்டெண்ட்ஸ் என்ற சிஸ்டம் கால் பழகியிருந்தேன். இடைத்தரகர் யாரும் இல்லாமல், ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்களை லினக்ஸின் உட்கருவான கர்னலிடமே நேராகக் கேட்டு வாங்கும் வழி அது. அட, எவ்வளவு பெருமை எனக்கு! குப்பத்தில் ஒருவருக்கும் புரியப் போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பெருமை.

கர்னலிடம் பெயர் கேட்கும்போது, போட்டுத் தர நாம் ஒரு கூடை நீட்ட வேண்டும். நான் நீட்டியது நாலு கிலோபைட் கூடை. கர்னல் பெயர்களைப் போட்டுக் கொடுத்தது. வாங்கி அச்சடித்தேன். எண்பத்து நாலு சீட்டு. போன வருஷமும் எண்பத்து நாலுதான் என்பதால், கணக்கு சரி என்று பஞ்சாயத்தாரும் தலையாட்டினார்கள். இடையில் ஒருத்தனுக்குக் கல்யாணமாகி ஒரு தலைக்கட்டு கூடியிருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஒருத்தன் என் கூட்டாளி. பத்தாவது வரை ஒரே பெஞ்சு. லைட்ஹவுஸ் குப்பத்தில் பெண் எடுத்திருந்தான். மாமனார் புது இறால் வலை கொடுத்திருந்தார். அந்த வருஷம்தான் அவனுக்கு முதல் பாடு.

குலுக்கல் அன்று ஒவ்வொரு பெயராக எடுத்துப் படித்து முடித்துக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார்கள். அவன் எழுந்தான்.

"என் பேரு வர்லியே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடிக்கணினி எதிரிலேயே இருந்தது. ஃபோல்டரைத் திறந்து கண்ணால் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பாவி, அதைச் செய்யவில்லை. அதே நிரலை இன்னொரு தடவை ஓட்டினேன். அதே எண்பத்து நாலு.

"நீ ஃபாரம் குடுக்கவே இல்ல" என்றேன்.

"இன்னாடா சொல்ற? என் வூட்டு வாசல்ல நின்னு நீதான போட்டோ புடிச்ச?"

யோசித்துப் பார்த்தேன். எண்பது சொச்சம் வாசல் ஏறி இறங்கியதில் எதுவும் தனியாக நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்றால் நினைவில் இல்லை என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மெஷின் பொய் சொல்லாதுடா. பள்ளிக்கூடத்துலயே நீ வீட்டுப்பாடம் எழுதாம எழுதிட்டேன்னு சொல்ற ஆளு" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். "பேஜார் பண்ணாத, குந்து" என்று யாரோ அவன் தோளை அழுத்தினார்கள். அவன் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போனான்.

சோம்பேறித்தனத்தில் தாள் கொடுக்காமல் இருந்துவிட்டுப் பழியைப் படித்த பிள்ளை மேல் போடுகிறான் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. இறால் மாதங்கள் வந்தன. எல்லோரும் முறைப்படி வலை கட்டினார்கள். அவனுடைய புது வலை தண்ணீர் பார்க்கவில்லை. அவன் மனைவி அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவன் மீஞ்சூரில் ஏதோ தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவன் செய்த தப்புக்காக நான் பட்ட வருத்தம்.

ஏழெட்டு மாதம் கழித்து, அதே நிரல் துண்டை அலுவலக வேலை ஒன்றில் செருகினேன். எதிர் மேஜையில் உட்காரும் பெண் அதைப் படித்துவிட்டு, "இந்தக் கெட்டெண்ட்ஸை ஏன் ஒரே ஒரு தடவை கூப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

கூடை நிறைந்தால் கர்னல் அத்தோடு நிறுத்திக்கொள்ளும். இன்னும் இருக்கிறது என்று கத்தாது. மறுபடி நீட்டினால் மிச்சத்தைப் போடும். இனி ஒன்றும் இல்லை என்னும்போது பூஜ்யம் தரும். அந்தப் பூஜ்யம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய ஃபோல்டர் அப்படியே இருந்தது. இரண்டாவது தடவை கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது. மூன்றாவது தடவை பூஜ்யம்.

கர்னல் அகர வரிசையிலும் கொடுப்பதில்லை, வந்த வரிசையிலும் கொடுப்பதில்லை. டிஸ்க்கில் அதற்கென்று ஒரு வரிசை. கடைசியில் யார் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். நின்றவன் அவன். படத்தைத் திறந்தேன். அவன் கோணல் கையெழுத்து. ஓரத்தில், காற்றில் தாள் பறக்காமல் அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரல். நகம் பிளந்த விரல். என்னுடையது.

மறுநாள் மீஞ்சூர் ஸ்டேஷனில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இளைத்திருந்தான். என்னைக் கண்டு ஒதுங்கப் பார்த்தவனைக் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். கர்னல், கூடை, பூஜ்யம் எல்லாம் சொன்னேன்.

"கூடை கீடைன்னு இன்னாத்துக்குடா? ரெண்டு வார்த்தைல சொல்லு."

"நீ குடுத்த. நான்தான் பாக்கல."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு லோக்கல் வந்து நின்று போனது. திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். நானே பேசினேன்.

"இந்த ஞாயித்துக்கெழம கூட்டத்துல எழுந்து சொல்லிடறேன்டா. அத்தன பேர் முன்னாடி. அடுத்த வருஷக் குலுக்கல்ல உன் பேரு..."

"கூட்டம் கெடக்குது" என்றான். "மொதல்ல லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போயி என் பொண்டாட்டி கிட்ட சொல்லு."

"அவங்களுக்குத் தெரியாதா, நீ குடுத்தது?"

"அன்னிக்கு அவ வூட்ல இல்ல. உள்ளங்கைல சூடம் ஏத்தி சத்தியம் பண்ணேன்டா அவ கிட்ட." கையை விரித்துத் தழும்பைக் காட்டினான். "அதப் பாத்துக்கினே கேட்டா, படிச்ச மனுஷன் இன்னாத்துக்கு உன் மேல பொய் சொல்லப் போறாருன்னு."